தோட்டத்தில் ஒரு நிழற்குடில்

சித்திரை மாதத்து நண்பகலில் ஒரு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு அதே கட்டிலைத் தூக்கிச் சென்று ஒரு தகரக் கொட்டகையின் கீழே போட்டு உட்காருங்கள். இரண்டு இடமும் நிழல்தான். இரண்டும் நாற்புறமும் திறந்தவை. ஒரே காற்றுதான் இரண்டிலும் வீசுகிறது. சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டால் பெரிய வேறுபாடு எதையும் அது காட்டாது. ஆனால் மரத்தடியில் கண் சொக்குகிறது. தகரத்தின் கீழே பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் தந்தை. வேதாரண்யம் வட்டாரத்தில், உப்பளங்களுக்குச் சற்று உள்ளே தள்ளி எங்கள் ஊர். 2015இல், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பா மாலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கட்டும் என்று வீட்டின் பக்கவாட்டுத் தோட்டத்தில் ஒரு குடில் போட்டேன். நான்கு இரும்புக் குழாய்க் கால்கள், மேலே இருபுறமும் சரிந்த தகரக் கூரை, நீளமும் அகலமும் 3 மீட்டர். அதைச் செய்து தந்த பட்டறையின் விலைப்பட்டியலில் அதற்கு 'கெசிபோ' என்று பெயர். கூரையின் அடிப்புறத்துக்கு அழகான நீல வண்ணம் அடித்தேன். அப்பா ஒரு வாரம் அங்கே உட்கார்ந்தார். எட்டாம் நாள் நாற்காலியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கே திரும்பிவிட்டார். “பிசிக்ஸ் படிச்ச புள்ள போட்ட பந்தல்ல வேர்க்குது. யாரும் போடாத மரத்தடியில வேர்க்கல. என்னன்னு பாருப்பா” என்றார்.

அந்தக் கோடையில் ஒரு பாடம் கற்றேன். இரண்டாவது பாடத்தைக் கற்பிக்க, 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், கஜா புயல் வந்தது.

கெசிபோ என்ற பெயர்தான் நமக்குப் புதிது, பொருள் புதிதன்று. நந்தவனத்து மண்டபம், வயல் நடுவே காவல் பந்தல், வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகை எல்லாம் இந்த இனமே. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தை 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்தபோது அதன் நடுவே ஒரு மைய மண்டபமும் எழுந்தது. கனத்த கூரை, சுற்றிலும் சோலை, அதைச் சுற்றிலும் நீர். இன்று நாம் கணக்குப் போட்டு அறிவதை அன்றையவர்கள் உட்கார்ந்து பார்த்தே அறிந்திருக்க வேண்டும். இப்போது பட்டியலைப் பார்த்து வாங்குகிறோம். அதனால்தான் கணக்கு தேவைப்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத விளக்கு

கடத்தல், சலனம், கதிர்வீசல் என்ற மூன்று வழிகளில் வெப்பம் பரவுகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நிழற்குடிலில் நம்மை ஏமாற்றுவது மூன்றாவது வழி.

நண்பகல் வெயில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. பழசாகி மங்கிய தகரம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அதன் கீழே உள்ள காற்று சூடாகி, இலேசாகி, கூரையை ஒட்டியே தங்கி, விளிம்பு வழியாக வெளியேறிவிடும். ஆகவே நாம் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் காற்றின் வெப்பநிலை அதிகம் ஏறுவதில்லை. வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறது.

ஆனால் சூடான எந்தப் பொருளும் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். அதன் அளவு, கெல்வினில் கணக்கிட்ட வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. இதை 1879இல் ஜோசஃப் ஸ்டெஃபான் சோதனை விவரங்களிலிருந்து கண்டார்; 1884இல் அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மான் கொள்கை வழியே நிறுவினார். நான்காம் படி என்பது சாதாரணமன்று. 35 பாகையில், அதாவது 308 கெல்வினில், உள்ள ஒரு பரப்பு சதுர மீட்டருக்கு 510 வாட் வீசும். 65 பாகையில், அதாவது 338 கெல்வினில், அதே பரப்பு 740 வாட் வீசும். வேறுபாடு 230 வாட். இது முழுமையான கரும்பொருளுக்கான கணக்கு. வண்ணம் பூசிய தகரத்துக்குச் சற்றே குறைத்து 200 வாட் என்று கொள்வோம். என் குடிலின் கூரை 9 சதுர மீட்டர். ஆக 1800 வாட்! 1000 வாட் மின்னடுப்புகள் இரண்டைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றின் கீழே அப்பாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். அந்த அடுப்பு சிவந்து ஒளிராததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியே ஆகவேண்டும். மேலேயிருந்து வெப்பம் வந்து இறங்கிக்கொண்டிருந்தால் அதற்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. வேப்பமரத்தில் நிலைமை வேறு. இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் காற்றின் வெப்பநிலைக்கு அருகிலேயே நிற்கின்றன. அவை நம்மீது வீசும் கதிர், நம் உடல் அவற்றின்மீது வீசும் கதிரைவிட அதிகமாக இருப்பதில்லை. மரத்தடிக் குளிர்ச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சமநிலைதான்.

மாணவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். ஒரு மேசைப் பந்தை எடுத்து, மங்கலான கருப்பு வண்ணம் பூசி, சிறு துளையிட்டு, ஒரு வெப்பமானியின் குமிழ் பந்தின் நடுவில் இருக்கும்படி செருகி மெழுகால் அடைக்க வேண்டும். பக்கத்திலேயே பந்தில்லாத இன்னொரு வெப்பமானி. இரண்டையும் மரத்தடியில் கால் மணி நேரம் தொங்கவிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையே காட்டும். தகரத்தின் கீழே கொண்டுபோனால் கருப்புப் பந்து மட்டும் தனியே மேலேறும். நேர் வெயில் பந்தின்மீது படக்கூடாது. அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. எங்கள் கல்லூரி மாணவர்கள் இந்தப் பந்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம், மிதிவண்டிக் கொட்டகை, உணவகக் கூரை என்று ஊர் முழுவதும் அலைந்தார்கள். ஒரு குடில் வாங்கப் போகிறீர்கள் என்றால், அதே வகைக் கூரை உள்ள ஓர் இடத்தை நண்பகலில் கண்டுபிடித்து அங்கே கால் மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். மாலையில் கடையில் பார்த்து வாங்குவது மழைக்காலத்தில் விசிறி வாங்குவது போலத்தான்.

என்ன கூரை போடலாம்?

தகரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயர்தான் தகரம், உண்மையில் அது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. மலிவு, இலேசு, ஒழுகாது. அதன் மேற்புறத்துக்கு நல்ல வெள்ளை வண்ணம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். சுண்ணாம்பு தகரத்தில் நெடுநாள் ஒட்டாது. உலோகத்துக்கென உள்ள வண்ணமே வேண்டும். அடிப்புறத்தை என்ன செய்வது? ஒன்றும் செய்யக்கூடாது. பளபளப்பான துத்தநாகம் கதிர் வீசுவதில் மிகவும் கஞ்சன். அதே வெப்பநிலையில் உள்ள வண்ணப் பரப்பு வீசுவதில் மூன்றில் ஒரு பங்குகூட அது வீசாது. அதன்மீது எந்த நிறத்தில் வண்ணம் அடித்தாலும், வெள்ளையாகவே இருந்தாலும், கதிர்வீச்சு பெருகிவிடும். நான் ஆசையாக அடித்த நீல வண்ணம் அப்பாவின் தலையில் இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை இறக்கியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடச் சிறந்தது இரட்டைக் கூரை. தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி ஒன்றைப் பரப்புவது. தகரத்தின் கதிரைத் தட்டி வாங்கிக்கொள்ளும். இடைவெளியில் ஓடும் காற்று அந்த வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். தட்டியின் அடிப்புறம் 40 பாகையில் நின்றால்கூட நமக்கு வந்து சேரும் கூடுதல் கதிர் சதுர மீட்டருக்கு 34 வாட்தான். 230 எங்கே, 34 எங்கே! இடைவெளியின் இரு முனைகளையும் அடைத்துவிடக்கூடாது. அடைத்தால் பயன் பாதியாகும், எலியும் குடிவரும்.

ஓடு இன்னொரு நல்ல தேர்வு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைதான் 'மங்களூர் ஓடு' என்ற பெயரை நம் ஊர்களுக்கெல்லாம் கொண்டுவந்தது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சிறு சந்துகள் சூடான காற்றை வெளியே விடுகின்றன. ஆனால் சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவுக்குக் கனக்கும். அதைத் தாங்கக் கால்களும் சட்டங்களும் தடிமனாக வேண்டும், செலவும் கூடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு வீட்டில் கிடக்கிறதே என்று அதை அறுத்தும் துளையிட்டும் பயன்படுத்த நினைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது.

கீற்றுக்கு நிகர் வேறில்லை என்பது என் கருத்து. அடுக்கடுக்கான ஓலைகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தைக் கடத்துவதில்லை. அடிப்புறம் தொட்டால் சுடுவதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மக்கிவிடும். அதைவிடப் பெரிது நெருப்பு. எந்தக் காற்று வெப்பத்தைத் தடுக்கிறதோ அதே காற்று ஒவ்வோர் ஓலையையும் சுற்றி நெருப்புக்கு ஆக்ஸிஜன் தருகிறது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கீற்றுக் குடில் போடுபவர்கள் அதை அடுப்பங்கரையிலிருந்து விலக்கிப் போட வேண்டும். கூரைக்குள் மின்கம்பி இழுக்கவே கூடாது. விளக்கு வேண்டுமானால் வெளியே ஒரு கம்பத்தில் இருக்கட்டும்.

இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்குக் கொடிப் பந்தல். பீர்க்கன், அவரை, புடலை, முல்லை எதுவானாலும் சரி. 30 பாகை வெப்பத்தில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் நீரை ஆவியாக்கும் கொடி ஏறத்தாழ 670 வாட் வெப்பத்தை ஓசையில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. காயும் கொடுக்கிறது. மழைக்கு ஒழுகும் என்பதுதான் குறை.

மாலை 4 மணிக்கு நிழல் எங்கே?

விலைப்பட்டியல் எதிலும் இல்லாத கேள்வி இது. எங்கள் ஊர் அமைந்துள்ள பத்தரைப் பாகை அட்சரேகையில் ஏப்ரல் 17 வாக்கிலும் ஆகஸ்ட் 26 வாக்கிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது குடிலின் நிழல் குடிலுக்கு உள்ளேயே விழும். மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 31 பாகை உயரத்தில் இருக்கும். கூரை விளிம்பு 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் நிழல் கிழக்கே 4 மீட்டர் தள்ளி விழும். குடிலின் அகலமோ 3 மீட்டர். ஆகவே மாலை 4 மணிக்குக் குடிலின் தரையில் நிழலே இல்லை. அது பக்கத்து வாழைப் பாத்திக்குப் போய்விட்டது. உட்கார்ந்திருப்பவரின் தலை உயரமான 1 மீட்டரில் கணக்கிட்டால், கிழக்கு ஓரத்தில் ஏறத்தாழ 70 செ.மீ. அகலத்துக்கு ஒரு நிழல் துண்டு மிஞ்சும்.

சாலைக்கு எதிரே அழகாகத் தெரியும் இடத்தில் குடில் போடுபவர்கள் இதை நினைப்பதில்லை. வீட்டுக்குக் கிழக்குப் பக்கத்தில் போட்டால் வீடே மேற்கு வெயிலை மறைத்துவிடும். அது முடியாவிட்டால் மேற்கில் ஒரு மரமோ, கொடி படர்ந்த தட்டியோ வேண்டும். நான் அப்போது செய்தது மலிவான வழி: மேற்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயை மேலும் கீழும் இறுக்கிக் கட்டினேன். அடிப்புற நீல வண்ணத்தையும் சுரண்டி, தட்டியும் வேய்ந்தேன். அப்பா குடிலுக்குத் திரும்பினார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

காற்று தூக்கும் பாரம்

கூரை என்றால் கீழே விழாமல் தாங்க வேண்டிய பொருள் என்றே நாம் நினைக்கிறோம். கொத்தனாரும் வெல்டரும் அப்படியே நினைக்கிறார்கள். புயலில் நடப்பது நேர்மாறு.

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதன் இருபடியை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 120 கி.மீ. என்பது வினாடிக்கு 33 மீட்டர். அழுத்தம் ஏறத்தாழ 660 நியூட்டன். திறந்த குடிலில் கூரையின் மேலே வளைந்து விரையும் காற்றில் அழுத்தம் குறைந்து உறிஞ்சுகிறது. கீழே தேங்கும் காற்று மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் ஒரே திசையில் கூடுகின்றன. கரடுமுரடாக, முழு அழுத்தமும் தூக்குவதற்கே பயன்படுகிறது என்று கொண்டால், 9 சதுர மீட்டர் கூரையை ஏறத்தாழ 6000 நியூட்டன் விசை மேலே இழுக்கிறது. அஃதாவது 600 கிலோ எடை.

எதிரே என்ன இருந்தது? தகடுகள் 45 கிலோ. இரும்புச் சட்டமும் கால்களும் 100 கிலோ இருக்கலாம். ஒவ்வொரு காலின் அடியிலும் ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டிருந்தார்கள். ஒன்று 65 கிலோ வீதம் நான்குக்கும் 260 கிலோ. மொத்தம் ஏறத்தாழ 400 கிலோ. மணிக்கு 60 கி.மீ. காற்றில் தூக்கு விசை நான்கில் ஒன்றாக, 150 கிலோவாகத்தான் இருக்கும். அதனால்தான் மூன்று ஆண்டுகள் ஆடாமல் அசையாமல் நின்று எங்களை நம்பவைத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதை வகுப்பில் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 120 கி.மீ. வரை வீசியது. இரவு முழுவதும் வீட்டின் நடு அறையில் உட்கார்ந்திருந்தோம். முதலில் மேற்கிலிருந்து வந்த காற்று பிறகு திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. மேற்குப் பக்கத்துத் தார்ப்பாயை நான் அவிழ்க்கவில்லை. கிழக்கிலிருந்து நுழைந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. குடில் ஒரு பாய்மரமாகிவிட்டது. ஒரு பெரிய ஓசை கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. விடிந்து பார்த்தால் நான்கு குழிகள்தான் இருந்தன. குடில் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின்மேல் தலைகீழாகக் கிடந்தது. நான்கு கால்களும் வானத்தை நோக்கி நிற்க, ஒவ்வொன்றின் நுனியிலும் கான்கிரீட் கட்டி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தகடு மட்டும் கழன்றுபோய் அவர்கள் வீட்டு மண்சுவரில் பாதி புதைந்திருந்தது. அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் அவர்கள் வழக்கமாகப் படுப்பது. அன்றைக்குப் புயல் பாதுகாப்பு முகாமுக்குப் போயிருந்தார்கள். மாட்டையும் மாலையிலேயே அவிழ்த்து விட்டிருந்தார்கள்.

எங்கள் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்த நாள் அது. ஒரு குடில் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்னும் விதிநூல் ஒவ்வோர் ஊருக்கும் எந்தக் காற்று வேகத்துக்குக் கட்டடம் கட்ட வேண்டும் என்று சொல்கிறது. மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். 50 என்று கொண்டால் என் குடிலின்மீது தூக்கு விசை ஏறத்தாழ 1350 கிலோ. அதை எதிர்க்க, ஒவ்வொரு காலுக்கும் 60 செ.மீ. சதுரத்தில் 75 செ.மீ. ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டால் ஒன்று 650 கிலோ வரும், நான்கும் 2600. அவ்வளவு எதற்கு என்று கொத்தனார் கேட்பார். மழையில் நிலம் ஊறி நீர் மேலே நிற்கும்போது ஆர்க்கிமிடீஸ் வந்துவிடுவார். நீரில் மூழ்கிய கான்கிரீட் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது. 2600 என்பது 1500 ஆகிவிடும். நம் கடற்கரையில் புயலும் வெள்ளமும் சேர்ந்தேதான் வருகின்றன.

அடித்தளம் மட்டும் கனத்தால் போதாது. தகடு, அதைப் பிடிக்கும் போல்ட், குறுக்குச் சட்டம், கால், அடித்தளம் என்று இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி இளைத்ததோ அங்கே அறும். காற்றின் உறிஞ்சல் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிக அதிகம். அங்கே தகட்டின் ஒவ்வொரு முகட்டிலும் போல்ட் வேண்டும். அகலமான வாஷர் வேண்டும், இல்லையேல் போல்ட் நிற்கும், தகடு கிழிந்துகொண்டு போகும். மேற்குத் தட்டி எதுவானாலும் ஒரு நிமிடத்தில் அவிழ்க்கக்கூடிய முடிச்சில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இடி மின்னலின்போது குடிலில் உட்காரக்கூடாது. கூரை இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

துருவும் கறையானும்

தகரக் கூரை மாலையில் 'டப், டப்' என்று ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 3 மீட்டர் நீளத் தகடு 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது, குளிரும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு நாளும் இந்த ஒன்றரை மில்லிமீட்டர் போல்ட்டுகளை அசைக்கிறது, துளைகள் அகல்கின்றன. ஆகவே ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஏணி போட்டு ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்க வேண்டும். பராமரிப்பு என்று ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்து இரும்பு உடனே துருப்பிடிப்பதில்லை. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் வேதிவினைக்கு உள்ளாவதால், தான் அரிந்துபோய் இரும்பைக் காக்கிறது. ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு வெந்து போயிருக்கும். துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். அவ்விடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகம் கலந்த முதற்பூச்சு கொடுத்த பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். குழாய்க் கால்களின் மேல் முனை திறந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே வண்ணம் மின்ன, உள்ளே அரித்துக்கொண்டிருக்கும், மூடிவிடுங்கள். எங்கள் ஊர் போன்ற உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவதுகூடப் பலன் தரும்.

மரத்தூண் வைப்பவர்கள் பழைய திண்ணை வீடுகளைப் போய்ப் பார்க்கலாம். மரத்தூண் நேரே தரையில் நிற்பதில்லை. ஒரு கல்லின் மேல் நிற்கும். மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. ஈர மண்ணில் ஊன்றினால் நுண்புழை ஏற்றத்தால் நீர் தானே மேலேறும். ஈரம் இருக்கும் இடத்துக்குப் பூஞ்சை வரும். கல்லில் அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. கறையானும் வெளிச்சத்தில் நடமாடாது. கல்லின்மேல் மண்சுரங்கம் கட்டிக்கொண்டுதான் தூணை அடைய முடியும், அப்போது கண்ணில் பட்டுவிடும். கல்லோடு தூணை இரும்புப் பட்டையால் பிணைக்க மறந்தால் மட்டும் புயலில் பழைய கதைதான். மூங்கில் உளுப்பதற்குக் காரணம் அதிலுள்ள மாவுச்சத்து. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்கே.

நாங்கள் 2020இல் மறுபடி குடில் போட்டோம். வீட்டுக்குக் கிழக்கே, வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி. மேலே வெள்ளைத் தகரம், கீழே மூங்கில் தட்டி. குழி வெட்டும்போது அப்பாவே அளவுகோலுடன் நின்று 75 செ.மீ. வரும்வரை கொத்தனாரை விடவில்லை. பெரியம்மா வீட்டுச் சுவரை அதற்கு முன்பே செங்கல்லில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவர்கள் கொடுத்த பீர்க்கன் விதைதான் இப்போது தென்மேற்கு மூலையில் ஏறியிருக்கிறது. சாலையில் போகிறவர்களைக் கொடி மறைக்கிறது என்று அப்பா ஒரு சன்னல் அளவுக்கு இலைகளைக் கிள்ளி வைத்திருக்கிறார். அந்த வழியாக மாலை வெயில் சரியாக அவர் செய்தித்தாளில் வந்து விழுகிறது.